சோலைக்கு வந்த பேப்பர்

"சோலை!" என்று கூப்பிட்டார் செல்லசாமி கிளாக்கர்.

"ஐயா!" என்றது பனி.

வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும் காலை ஆறு மணிப் பெரட்டுக்களத்தில் ஆட்கள் தெரிவதில்லை. தலையில் போட்ட கம்பளிகளும், கம்பளிக்குள்ளே வெற்றிலை மெல்லும் சத்தமும்தான் பெரட்டு. அதனால் நாற்பத்தொரு பேர் ஒரே மூச்சில் "ஐயா" போட்டதும் மலையே வாய் திறந்தது போலிருந்தது. பங்களாப் பக்கமிருந்து துரையின் நாயும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. அதற்கும் அதே பேர்.

கிளாக்கர் ஒரு நீளக் கவரை உயர்த்திப் பிடித்தார்.

"கொழும்புலேருந்து வந்திருக்கு. பிரஜாவுரிமை. இருநூறு மனு போட்டதுல இப்போதைக்கு ஒரே ஒரு ஆளுக்குக் குடுத்திருக்காங்க. பேரு சோலை. யாருய்யா அந்தச் சோலை?"

இந்தத் தடவை "ஐயா" இன்னும் பலமாக வந்தது. நாய் குரைத்தது.

லிந்துலைக்கு மேலே, மேகம் மத்தியானத் தூக்கம் போடும் உயரத்தில் இருந்தது அந்தத் தோட்டம். கம்பெனி அதற்கு வைத்த ஆங்கிலப் பேரைத் துரையே மூச்சு வாங்கித்தான் சொல்வார். மற்றவர்களுக்கு அது சோலைத் தோட்டம். முதல் முதலில் கப்பலேறி வந்தவர்கள் காட்டை அழிக்கக் கத்தியை எடுத்தபோது பயந்துபோய், மலையுச்சியில் ஒரு துண்டுச் சோலையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்குள் ஒரு கல்லை நட்டு, "ஒன் மரத்தையெல்லாம் வெட்டுறோம் ஆத்தா, கோவிச்சுக்காத. ஒன் பேர நாங்க வச்சுக்கிறோம்" என்று கும்பிட்டார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதில் அவர்களைப் போல் யாருமில்லை. ஓடைக்குச் சோலையாறு. மர்சூக் நானாவின் கடைக்குச் சோலை ஸ்டோர்ஸ். தேயிலைப் பெட்டியில் சோலை மார்க். பெரட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையார் சுழிக்குப் பதில் சோலை. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது சோலையப்பன், சோலையம்மா, சோலைமுத்து, சோலைராசு. கூப்பிடும்போது வாலை வெட்டிவிட்டு எல்லாம் சோலை. மாலையில் ஒரு தாய் லயத்து வாசலில் நின்று "சோலேய்ய்" என்று குரல் கொடுத்தால், அது பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மலையில் மோதித் திரும்பி வருவதற்குள் பாதித் தோட்டம் வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தக் கதையில் சோலை என்றால், பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த சோலை. முழுப்பேர் சோலைமுத்து, வயது இருபத்தேழு. மற்ற நாற்பது பேரும் மன்னிக்க வேண்டும்.

அவனுக்கு அந்த பேப்பர் வேண்டும். நாட்டுக்காக அல்ல, நாகலெட்சுமிக்காக.

நாகலெட்சுமியின் தகப்பனார் சிவசாமி கங்காணி அந்தத் தோட்டத்தின் ஒரே பிரஜை. இருநூறு மனுவுக்கும் முன்னாலேயே தனியாக எழுதிப் போட்டு பேப்பர் வாங்கி, கண்ணாடி போட்டு, முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டியிருந்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் தேத்தண்ணிக்கு முன்னால் பேப்பர் காட்டப்படும். சாம்பிராணி மூன்று படத்துக்கும் சமமாகப் போடப்படும். அவர் பேச ஆரம்பித்தால், "நான் ஒரு பிரஜை சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"நான் ஒரு பிரஜை சொல்றேன்," என்றார் சோலையிடமும். "பேப்பர் இல்லாதவன எப்ப வேணும்னாலும் இந்தியாவுக்குக் கப்பலேத்துவான். எம் மக கண்ண கசக்கிக்கிட்டு அக்கரையில மண்டபம் கேம்புல நிக்கணுமா? தை பொறக்கிறதுக்குள்ள பேப்பரோட வா. இல்லாட்டித் தலவாக்கலையில ஒரு மாப்புள்ள இருக்கான். அவனுக்கு பேப்பர் இருக்கு."

"ஆள் எப்படிங்க மாமா?"

"ஆளா? ஆள இன்னும் பாக்கல. பேப்பரப் பாத்துட்டேன்."

இது நடந்தது கார்த்திகையில். கவர் வந்தது மார்கழி முதல் வாரத்தில்.

கிளாக்கரிடம் மனுக்களின் நகல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். நாலு வருசத்துக்கு முன்னால் இருநூறு மனுவையும் அவர்தான், தலையை நிமிர்த்தாமல், வரிசையில் நின்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார். யார் சொன்னது, யாருக்காகச் சொன்னது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. நகல்கள் ஆபீஸ் அலுமாரியில் ஈரம் குடித்துக் குடித்து, இப்போது ஒரே கட்டியாக, பார்க்க ரொட்டி மாதிரி இருந்தன.

ஆகவே கடிதத்தில் உள்ள விவரங்களை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். கடிதம் ஆங்கிலம். கிளாக்கருக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை ஒரே நாளில் காட்டி முடிக்க அவருக்கு மனமில்லை.

"ஒரு நாளைக்கு ஒரு பந்தி, ரெண்டு மூணு வரிதான்," என்றார். "சட்டக் கடுதாசிய அவசரப்பட்டுப் படிச்சா அர்த்தம் மாறிரும்."

முதல் நாள் பந்தி: மனுதாரரின் பெயர் சோலை. சோலையோடு வேறெதுவும் ஒட்டியில்லை.

"அப்ப சோலையப்பன், சோலையம்மா எல்லாம் ஒதுங்கிக்க. வெறும் சோலை யாரு?"

சோலை தன் பேரிலிருந்த முத்தை அந்த இடத்திலேயே கழற்றிப் போட்டான். "நாந்தாங்க."

"பதிவுல சோலைமுத்துன்னுல்ல நெனப்பு?"

"முத்து செல்லத்துக்குக் கூப்புடுறதுங்க."

இன்னும் இருபத்தேழு பேருக்கும் அப்பன், அம்மா, ராசு எல்லாம் செல்லத்துக்குத்தான் என்று தெரியவந்தது.

இரண்டாம் நாள் கிளாக்கர் தொண்டையைச் செருமினார். "மனுதாரர் இந்தத் தீவை விட்டு ஒரு நாளேனும் வெளியேறியவர் அல்லர் எனக் கொழும்புக் கந்தோர் திருப்தியடைகின்றது."

களத்தில் பெருமூச்சுகள் எழுந்து பனியோடு சேர்ந்தன. குலதெய்வத்துக்கு மொட்டையடிக்க, பெண் பார்க்க, பாட்டன் சாவுக்குப் போக என்று ஆளாளுக்கு ஒரு தடவையாவது கடல் தாண்டியிருந்தார்கள். பத்துப் பேர் மிஞ்சினார்கள். அதில் சோலையும் ஒருவன். ஏனென்றால் அவன் வாயைத் திறக்கவில்லை.

நாற்பத்தெட்டில் அவனும் அப்பனோடு மதுரைக்குப் போய்ச் சித்திரைத் திருவிழா பார்த்துவிட்டு வந்தவன்தான். ஆதாரம் வலது முன்கையில் இருந்தது. பச்சைக் கிளி, அதன் கீழே 'மதுரை 1948'. குத்தும்போது வலித்ததை விட இப்போதுதான் அதிகம் வலித்தது.

நேரே மர்சூக் நானாவின் கடைக்கு ஓடினான்.

"நானா, முழுக்கைச் சட்டை ஒண்ணு வேணும்."

"கல்யாணத்துக்கா மகன்?"

"கல்யாணத்துக்குத்தான். ஆனா இப்பவே போடணும்."

கொழுந்து வாட்டும் மாடியில் சூடான காற்றுத்தான் வேலை. கீழேயிருந்து வரும் வெக்கையில் பச்சை இலை மெல்ல மெல்லத் தளர்ந்து, ஆப்பிள் பழம் போல மணக்க ஆரம்பிக்கும். அந்த மணத்தில் நின்றால் யாருக்கும் பகல் கனவு வரும். சோலைக்கு வந்த கனவில் அவனுடைய கையிலிருந்த கிளி பறந்து போய்க் கங்காணியின் தோளில் உட்கார்ந்து, "மதுரை, மதுரை" என்று கத்தியது. விழித்தபோது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எதிரே கங்காணி நின்றார்.

"என்னப்பா, எல்லாரும் பெனியனோட நிக்கிறான், நீ மட்டும் கோட்டு மாட்டுன மாதிரி நிக்கிற? தோல் வியாதி ஏதாச்சும்?"

"குளுருதுங்க மாமா."

"இங்கயா? இந்த அனல்லயா?" கங்காணி இரண்டடி பின்னால் நகர்ந்தார். "காய்ச்சல்கீய்ச்சல் இருந்தா இப்பவே சொல்லிரு. நான் ஒரு பிரஜை, எம் பொண்ண நோயாளிக்குக் குடுக்க முடியாது."

"எனக்கு நோயே வந்ததில்லீங்க மாமா. ஒரு நாள் கூட."

இந்தப் பொய் எவ்வளவு உதவும் என்று அவனுக்கே அப்போது தெரியாது. மூன்றாம் நாள் பந்தி இப்படி இருந்தது: மனுதாரர் தோட்டத்துப் பேர்ப்பதிவில் ஒரு நாளும் விடுபட்டவர் அல்லர், சுகவீனமென்று படுத்தவரும் அல்லர்.

ஆறு பேர் கழன்றார்கள். நாலு பேர் நின்றார்கள். கணக்கப்பிள்ளை சோலையைப் பார்த்து, "ஏம்ப்பா, போன வருசம் சளிக் காய்ச்சல்ல ஆறு வாரம் தோட்டத்து ஆஸ்பத்திரில கெடந்தது நீதான?" என்றார்.

"அது வேற சோலைங்க."

"எந்தச் சோலை?"

சோலை பனியைக் கை காட்டினான். பனிக்குள் எத்தனையோ சோலை இருக்கலாம். கணக்கப்பிள்ளை விட்டுவிட்டார்.

நாகலெட்சுமி விடவில்லை. அன்று மத்தியானம் கொழுந்தை எடை நிறுத்த வந்தவள், கூடையை இறக்கி வைத்த கையோடு மாடிப்படி ஏறி வந்தாள். ஈரப் படங்குச் சாக்கு இடுப்பில், இலைத் துணுக்கு தலையில், கோபம் முகத்தில்.

"நீங்க ஆஸ்பத்திரியிலயே படுக்கலையாமே?"

"மெதுவா பேசு புள்ள."

"பக்கத்துக் கட்டில்ல எங்கம்மா கெடந்துச்சு. அதுக்குக் கொண்டாந்த கஞ்சியில பாதிய ஆறு வாரமா ஊதி ஊதிக் குடுத்தேன். அது யாருக்கு?"

"அது... சட்டப்படி பாத்தா வேற சோலை."

"ஓ." அவள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். "அப்ப அந்தச் சோலை எங்க இருக்காருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. அவரத்தான் எனக்குப் புடிச்சுது."

"லெச்சுமி, ஒனக்காகத்தான இதெல்லாம்."

"எனக்கு ஆளு வேணும்னு சொன்னேன். நீங்க ஒவ்வொரு நாளும் ஆள்ல கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுக்கிட்டு வர்றீங்க."

அவள் படியிறங்கிப் போன பிறகும் அந்த வார்த்தை மாடியில், வாடும் இலைகளின் மேல், வெகுநேரம் கிடந்தது. சோலை தன் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருந்தது. முழுக்கைச் சட்டைக்குள்ளே.

நாலாம் நாள்தான் மோசம்.

"தகப்பன் பெயர்," என்று படித்துவிட்டுக் கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அறியப்படவில்லை."

நாலு பேரில் மூன்று பேர் உடனே தலையைக் குனிந்து கம்பளிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். களத்தில் சோலை மட்டும் நின்றான். அவனுக்கு எதிரே பத்தடி தூரத்தில், தோளில் கவ்வாத்துக் கத்தியோடு அவன் அப்பன் நின்றார். தேயிலைச் செடியை ஒரே வெட்டில் நறுக்கும் கை. பேர், சொல்லத் தேவையில்லை, சோலை.

"என்னப்பா?" என்றார் கிளாக்கர். "ஒனக்கு அப்பன் பேர் தெரியுமா, தெரியாதா?"

சோலை வானத்தைப் பார்த்தான். வானமும் தெரியவில்லை.

"தெரியாதுங்க," என்றான்.

கத்தி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அன்று மாலை லயத்தில் அவர்களுடைய ஒற்றையறைக் காம்பிராவில் பெரிய சண்டை. "இருபத்தேழு வருசம் மழையில நனைஞ்சு வளத்தேன், தெரியாதாம்ல!" என்று அப்பன் கத்த, மகன் காலில் விழுந்து நாகலெட்சுமி, தை மாசம், தலவாக்கலை மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லி அழுதான். அப்பன் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு எழுந்து கம்பளியைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

"சரிடா. நான் ஒன் அப்பன் இல்ல. பக்கத்துக் காம்பிரா ஆளு. போதுமா?"

"போதும்ப்பா."

"அப்பான்னு சொல்லாத. கேட்டுரப் போறாங்க."

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் அவர் எதையும் அரைகுறையாகச் செய்யும் மனிதர் அல்ல. மறுநாளிலிருந்து தன் சொந்த வீட்டு வாசலில் நின்று, "தம்பி, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார். சோற்றுக்கு உட்காரும்போது, "ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றார். ஒரு நாள் காலையில் கொஞ்சம் உப்புக் கடன் கேட்டார்.

செய்தி கங்காணியின் காதுக்குப் போனது.

"அப்பன் பேர் தெரியாதவனுக்கா நான் பொண்ணு குடுக்கிறது?" என்று குதித்தார். "ஒரு பிரஜையோட மக அவ!"

"மாமா, அப்பன் பேர் தெரிஞ்சா பேப்பர் வராது. பேப்பர் வராட்டி நீங்க பொண்ணு தர மாட்டீங்க. இப்ப எது வேணும், நீங்களே சொல்லுங்க."

கங்காணி முருகனைப் பார்த்தார். லட்சுமியைப் பார்த்தார். நடுவிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"பேப்பர் வரட்டும். அப்பன அப்பறமா பாத்துக்கலாம்."

ஐந்தாம் நாள் கடைசிப் பந்தி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நுவரெலியாவுக்கு நேரில் வர வேண்டும். மனுவில் வைத்த பெருவிரல் அடையாளத்தில் ரேகை எதுவும் காணப்படாததால், மனுதாரரின் விரல் சரிபார்க்கப்படும்.

"ரேகை இல்லாத வெரலா?" என்று சோலை தன் பெருவிரலைப் பார்த்தான். வயலில் ஏர் உழுதது போல வரிவரியாக இருந்தது. கவ்வாத்துக்காரர்களுக்குக் கத்திப் பிடியில் ரேகை தேய்ந்துவிடும். வாடிய இலையைத் தடவிக் கொண்டிருந்தவனுக்கு எப்படித் தேயும்?

வியாழன் மத்தியானம் அவன் சோலைக்கு ஏறினான். மேலே போகப் போகத் தேயிலை நின்று, மரங்கள் ஆரம்பித்தன. பாசி தாடி வைத்த மரங்கள். பனி அவற்றுக்கு நடுவே, யாரையோ தேடி வந்து மறந்துபோனவரைப் போலச் சும்மா நின்றது. ஒரு சொட்டு இலையிலிருந்து விழுந்தால், அதற்கு அடுத்த சொட்டு விழுவதா வேண்டாமா என்று யோசித்தது. உள்ளே கல்லின் முன் விளக்கு அணைந்திருந்தது. பூசை பார்க்கும் மீனம்மா, மகள் பிரசவத்துக்கென்று பட்டிப்பொலவுக்குப் போய் மூன்று வாரமாகிறது.

சோலை மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து விளக்கை ஏற்றினான்.

"ஆத்தா, ஒம் பேர்தான எனக்கு," என்றான். "நாப்பத்தொரு பேர்ல ஒருத்தனுக்காவது ஒன் பேரால ஒரு நல்லது நடக்கட்டும்."

கல் முகமும் இல்லாமல், மூக்கும் இல்லாமல், மழுமழுவென்று நின்றது. முன்னாலிருந்த மஞ்சள் அரைக்கும் கல்லில் அவன் விரலை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்தான், தேய்த்தான். முதலில் எரிந்தது. பிறகு மரத்தது. அந்தப் பச்சை இருட்டில் நேரம் எவ்வளவு போனதென்று தெரியவில்லை. தன் பேர், தன் கை, தன் காய்ச்சல், தன் அப்பன் எல்லாமே பனியில் கரைந்துபோய், விரல் மட்டும் மிஞ்சி, அதுவும் தேய்ந்துகொண்டிருப்பது போல ஒரு சுகமான மயக்கம் வந்தது. எங்கோ கீழே ஒரு தாய் "சோலேய்ய்" என்று கூப்பிட்டாள். முதல் தடவையாக அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நுவரெலியாவில் விசாரணை ஐயா பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் துவிபாஷி. ஐயா ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னால் துவிபாஷி தமிழில் இருபது வார்த்தை செய்வார்.

ஐயா ஏதோ முணுமுணுத்தார்.

"கனம் பொருந்திய விசாரணை அதிகாரி அவர்கள் தங்களை வினவுவது யாதெனில், தாங்கள் பிறந்த இடம் யாது?"

"சோலைங்க."

"வசிக்கும் இடம்?"

"சோலைங்க."

"தாய் தகப்பன், உடன்பிறந்தோர்?"

"யாரும் இல்லீங்க."

"எங்கேனும் பயணம் சென்றதுண்டா?"

"நின்ன எடத்துலயே நிக்கிறேங்க."

"நோய் நொடி?"

"கெடையாதுங்க."

"இந்த அரசாங்கத்திடம் தங்களுக்கு யாதேனும் குறையோ கோரிக்கையோ உண்டா?"

நாகலெட்சுமியின் பேர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். "ஒண்ணும் இல்லீங்க."

ஐயாவின் முகம் மலர்ந்தது. நீளமாக ஏதோ சொன்னார். துவிபாஷி எழுந்து நின்று மொழிபெயர்த்தார்: "இத்தகைய பிரஜைகளே இந்நாட்டுக்குத் தேவை என்று அதிகாரி அவர்கள் உளம் பூரிக்கின்றார்கள்."

பிறகு மனுவைத் திருப்பினார்கள். அடியில் பெருவிரல் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவந்த வட்டம். வரியில்லை, சுழியில்லை. ஐயா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"மையின் நிறம் சிவப்பாயிருப்பதன் காரணம்?"

"எங்க கிளாக்கரையா செவப்பு மையிலதாங்க திருத்துவாரு."

விரலை மையில் அமுக்கிக் காகிதத்தில் வைத்தார்கள். கறுத்த வட்டம். வரியில்லை, சுழியில்லை. ஐயா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலையாட்டினார். சத்தியம் சொல்லச் சொன்னார்கள், சொன்னான். பேப்பரைக் கொடுத்தார்கள், கும்பிட்டு வாங்கினான். வெளியே வந்தபோது நுவரெலியா முழுக்கப் பனி. அதற்குள்ளே நடக்கையில், பிரஜை என்றால் உடம்பு கொஞ்சம் லேசாகிவிடுமோ என்று அவனுக்குத் தோன்றியது.

மார்கழி என்றும் பாராமல் ஞாயிற்றுக்கிழமை கங்காணி வீட்டு வாசலில் நிச்சயதார்த்தம். பேப்பருக்கு அதற்குள் கண்ணாடி போட்டாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒரு மாலை, பேப்பருக்கு ஒரு மாலை. பேப்பருக்குப் போட்டதுதான் பெரிது. நாற்பது சோலைகளும் வந்திருந்தார்கள். தேத்தண்ணியும் கேக்கும் மர்சூக் நானா செலவு. பின்வரிசையில் பிளாக்கட்டைப் பலகையில் உட்கார்ந்து அப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மாப்புள்ளைக்கு எந்த வழிங்க?" என்று வெளியூர் ஆள் ஒருவர் கேட்டார்.

"பக்கத்துக் காம்பிரா," என்றார் அப்பன். "சின்னப் புள்ளையிலேருந்து தெரியும்."

கங்காணி எழுந்து நின்றார். "நான் ஒரு பிரஜை சொல்றேன். இன்னையிலேருந்து நம்ம தோட்டத்துல ரெண்டு பிரஜை!"

எல்லாரும் கை தட்டினார்கள். நாகலெட்சுமி மட்டும் தட்டவில்லை. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "இப்ப சொல்லுங்க. கஞ்சி குடிச்சது யாரு?"

"நாந்தான்," என்று முணுமுணுத்தான்.

"எனக்குக் கேக்கல."

சோலை கண்ணாடிக்குள்ளிருந்த பேப்பரைப் பார்த்தான். அது மிகவும் உறுதியாக ஆணியில் தொங்கியது. பிறகு முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினான். கிளி வெளியே வந்தது.

"நாந்தான் குடிச்சேன்! ஆறு வாரம் குடிச்சேன்! மதுரைக்கும் போனேன்! அந்தா பிளாக்கட்டையில ஒக்காந்து அழுவுறாரே, அவருதான் எங்கப்பன்!"

கங்காணி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். பேப்பருக்குக் கேட்டுவிடக் கூடாதே. கிளாக்கர், "இது நான் கேக்காத பேச்சு" என்று சொல்லிக் கேக்கை வாயில் போட்டுக்கொண்டார். நாகலெட்சுமி சிரித்துக்கொண்டே மாலையைப் போட்டாள். அப்பன் எழுந்து வந்து, இந்தத் தடவை யாரையும் கேட்காமல், மகனைக் கட்டிக்கொண்டார்.

அந்தக் களேபரத்தில்தான், தலையில் துணி மூட்டையோடு, பட்டிப்பொலவிலிருந்து ரயிலேறி வந்து, குறுக்குப் பாதையில் ஏறிய மீனம்மா வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"மகளுக்குப் பொம்பளப்புள்ள," என்றாள் பொதுவாக. பிறகு கிளாக்கரைத் தேடிப் பிடித்தாள். "ஐயா, கொழும்புலேருந்து கடுதாசி வந்திருக்குன்னு டேசன்ல சொன்னாங்க. அன்னைக்கு வரிசையில நின்னு நான் சொல்லச் சொல்ல எழுதுனீங்களே, அந்த மனுவுக்கா?"

கிளாக்கர் கேக்கை விழுங்கினார். "ஒம் பேர்ல மனுவே இல்லியே மீனம்மா."

"எம் பேர்ல எதுக்குங்க? எல்லாரையும் கப்பலேத்துறாங்கன்னு பேச்சு வந்ததும், மேல தனியா நிக்கிறவள மட்டும் விட்டு வைப்பாங்களான்னு பயந்து, பெரட்டுப் பொஸ்தகத்துல ஒவ்வொரு பக்கமும் மொதப் பேரா எழுதுறீங்களே, அந்தப் பேர்ல, குங்குமத்துல வெரல் வச்சு, நம்ம ஆத்தாளுக்குத்தான போட்டேன்!"